சுண்டுவிரல் பக்கத்துப் பொத்தான்

செப்டம்பர் 2, ஞாயிறு

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி இன்றோடு இருபது நாள். ஐந்து நாள் அங்கே வைத்திருந்ததற்குக் காரணம் மயக்கம். மருத்துவர்கள் அதற்கு மூளையையும் ரத்தக்குழாயையும் சேர்த்து நீளமாக ஒரு பெயர் சொன்னார்கள். பஞ்சாலையில் முப்பத்தொரு வருடம் பணியாளர் அதிகாரியாக இருந்தவன் நான். சிறிய சம்பவத்துக்குப் பெரிய பெயர் வைப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்று முதல்முறையாகக் கான்டெஸாவை வெளியே எடுத்தேன். கறுப்பு, 1988. நீண்ட மூக்கு, அகன்ற தோள். அமெரிக்கர்கள் தோள்வலிமையைக் காட்டுவதற்கென்றே செய்த கார்களுக்கு நம் நாட்டில் பிறந்த ஒன்றுவிட்ட தம்பி. மனைவி வசந்தாமணி வழக்கம்போல் இடது இருக்கையில். சாலை பிரியும் சௌரிபாளையம் பிரிவருகே இடது பக்கத்திலிருந்து ஒரு பால்காரர் சைக்கிளோடு முளைத்தார். முளைத்தார் என்பதே சரியான சொல். ஒரு கணத்துக்கு முன்னால் அங்கே யாரும் இல்லை. பக்கக் கண்ணாடி உடைந்தது. வசந்தாமணி இறங்கிப்போய் அவரோடு நெடுநேரம் பேசினாள். நான் இருக்கையைவிட்டு எழவில்லை. தவறு செய்தவரிடம் நாம் இறங்கிப் போகக்கூடாது. திரும்பி வந்தவளின் சேலையெல்லாம் பால்.

"அவன்கிட்ட என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்லீங்க. மெதுவா வீட்டுக்குப் போலாம்."

மற்றபடி வண்டி நன்றாக இருக்கிறது. கிளட்ச் மிதிக்கும்போது மட்டும் என் இடது கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

செப்டம்பர் 4, செவ்வாய்

கண் பரிசோதனை. ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியைப் பார்த்தபடி, எங்காவது வெளிச்சம் மின்னினால் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினேன். அவர்களுடைய இயந்திரத்தில் இடது பக்கத்து விளக்குகள் அத்தனையும் பழுது. வெளியே வந்ததும் அங்கிருந்த பெண்ணிடம் சொன்னேன். அவள் மருத்துவரிடம் சொன்னாள். அவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். புகாருக்கு உடனடி நடவடிக்கை. எல்லா இடத்திலும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

மருத்துவருக்கு முப்பத்திரண்டு வயதிருக்கும். என்னிடம் பேசுவதாக நினைத்து வசந்தாமணியையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் சுவரில் இருந்த விழிக்கோளத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 9, ஞாயிறு

நாச்சிமுத்து வந்தான். ஆலையில் ஃபிட்டராக இருந்தவன். 1991இல் ஆலையின் லேத்தில் தன் புல்லட்டுக்கு உதிரிபாகம் கடைந்ததற்காக நான் அவனைப் பணியிடை நீக்கம் செய்தேன். விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, கடைந்த பாகத்தையும் என் மேசைமேல் வைத்தான். அவ்வளவு துல்லியமான ஆதாரத்தை அதற்கு முன்போ பின்போ நான் பார்த்ததில்லை. பிறகு சிங்காநல்லூரில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்தான். இந்த வண்டியை நான் வாங்கி இருபத்திரண்டு வருடம். அவனைத் தவிர யாரும் இதன் பானெட்டைத் திறந்ததில்லை. இன்னும் என்னை ஆப்பீசர் என்றுதான் கூப்பிடுகிறான்.

"ஆப்பீசருங், எடது கால் மக்கர் பண்ணுதுன்னு அக்கா சொன்னாங்க."

"அக்காவுக்கு வேற வேலை இல்லை."

"அதில்லீங். கிளட்ச்சையே கழட்டிப்போட்டு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஏத்திப்போடலாமுங். புதுப்பேட்டைப் பழைய பார்ட்ஸ் சந்தையில ஒரு ஜப்பான் வண்டியோட பெட்டி வந்திருக்குது. நாலு கியரு. நாலாவது ஓவர்டிரைவ்."

ஓவர்டிரைவ் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் விளக்க விட்டேன். நெடுஞ்சாலையில் வேகம் பிடித்த பிறகு அந்த கியர் விழுந்தால், சக்கரம் அதே வேகத்தில் ஓடும். எஞ்சின் மட்டும் சுற்றைக் குறைத்துக்கொண்டு மூச்சு விடும். ஓய்வுபெற்ற பிறகும் பதவி போகாத மாதிரி.

காப்பி கொண்டுவந்த வசந்தாமணி அங்கேயே நின்றாள்.

"அப்ப எடது காலுக்கு வேலையே இல்லையா நாச்சிமுத்து?"

"சும்மா வெச்சுக்கலாமுங்க்கா."

"யார் வேணும்னாலும் ஓட்டலாமா?"

"கொழந்தைகூட ஓட்டலாமுங்."

இருபத்திரண்டு வருடத்தில் இந்த வண்டியைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்விகள். ஆர்வம் எந்த வயதிலும் வரலாம்.

கியர்பாக்ஸை மாற்றுவதென்று அப்போதே முடிவெடுத்தேன். முடிவு முழுக்க என்னுடையது. டிசம்பர் 23 அன்று பழைய கார் சங்கத்தின் ஆழியாறு ஓட்டம். பதினோரு வருடமாக வரிசையில் முதல் வண்டி என்னுடையது. இரண்டு நிபந்தனைகள் சொன்னேன்: அன்றைக்குள் வண்டி தயாராக வேண்டும், அன்றைக்கு நான்தான் ஓட்ட வேண்டும். முதல் நிபந்தனைக்கு நாச்சிமுத்து "சரிங்" என்றான். இரண்டாவதற்குக் காப்பி டம்ளரைக் கழுவிவைக்க எழுந்துவிட்டான்.

செப்டம்பர் 14, வெள்ளி

தோசைக்குச் சட்னி வைக்கவில்லை. கேட்டேன். வசந்தாமணி தட்டை அரைச்சுற்றுத் திருப்பி வைத்தாள். சட்னி இருந்தது. எப்போது வைத்தாள் என்றே தெரியவில்லை. வேகமான பெண்மணி.

செப்டம்பர் 21, வெள்ளி

வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. நாச்சிமுத்துவே வந்து எடுத்துப்போனான். வாசல் தூண் சற்று வெளியே தள்ளிக் கட்டப்பட்டிருக்கிறது. இரண்டு வாரத்தில் மூன்று முறை என் இடது தோளில் இடித்துவிட்டது. கட்டிய மேஸ்திரி இப்போது உயிரோடு இல்லை. விசாரிக்க வழியில்லை.

அக்டோபர் 3, புதன்

ஒர்க்‌ஷாப். நம் எஞ்சினின் பின்முகமும் ஜப்பான் பெட்டியின் முன்முகமும் சம்பந்தி வீட்டார் மாதிரி. ஒரு போல்ட் துளைகூட ஒத்துப்போகவில்லை. நடுவே ஓர் அலுமினியத் தட்டு கடைந்து வைத்து இரண்டையும் இணைக்கிறான். லேத்தில் அவன் நின்ற தோரணையைப் பார்த்ததும் 1991 நினைவு வந்தது. இந்தமுறை குற்றப்பத்திரிகை இல்லை என்றேன். "பாக்கலாமுங்" என்றான். விசித்திரமான பதில்.

புதுப் பெட்டி பருமனானது. அதற்கு இடம்விட வண்டியின் தரையை நடுவில் வெட்டி, கூரைபோல் உயர்த்திப் பற்றவைக்க வேண்டும். பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டையும் வெட்டிச் சுருக்க வேண்டும். ஆக, ஒரு காலுக்கு ஓய்வு கொடுக்க முழு உடம்பையும் அறுக்கிறோம். மருத்துவத்திலும் இதே முறைதான்.

வசந்தாமணி செவ்வாய், வெள்ளி காலைகளில் யோகா வகுப்புக்குப் போகத் தொடங்கியிருக்கிறாள், அறுபத்தொரு வயதில். திரும்பி வரும்போது முகமெல்லாம் வியர்வை; கணுக்கால் வலி. தொலைக்காட்சி பார்க்கும்போது அவளுடைய வலது பாதம் ஒரு டைலிலிருந்து பக்கத்து டைலுக்குப் போய்ப் போய் வருகிறது. வாதத்தின் தொடக்கமாக இருக்கலாம். பயமுறுத்த வேண்டாம் என்று நான் எதுவும் சொல்லவில்லை.

அக்டோபர் 18, வியாழன்

ஆயுத பூஜை. ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸுக்குத் திருநீறு மூன்று கோடு, நடுவே குங்குமம். பொரி, சுண்டல். ஜப்பானில் பிறந்து ஒரு விபத்தில் அநாதையாகிக் கோவைக்கு வந்துசேர்ந்த பெட்டி அது. அதற்கும் ஒரு மதம் கிடைத்தது.

கழற்றிய கிளட்ச் பெடலை நாச்சிமுத்து செய்தித்தாளில் சுற்றி என்னிடம் தந்தான். இருபத்திரண்டு வருடத்தில் என் இடது பாதம் ரப்பரை வழவழவென்று தேய்த்திருக்கிறது. மேசைமேல் வைத்திருக்கிறேன். தாள் பறக்காமல் இருக்க உதவும்.

அக்டோபர் 29, திங்கள்

ஓட்டுநர் இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தும் தண்டவாளத்தில் நாச்சிமுத்து முன்பக்கமாக மூன்று துளை கூடுதலாகப் போட்டிருக்கிறான். என் உயரம் ஐந்தடி பதினொன்று. அந்த மூன்றாவது துளையில் இருக்கையைப் பூட்டினால் என் முழங்கால் தாடையில் இடிக்கும்.

"இது யாருக்கு?"

"எதுக்கும் இருக்கட்டுமுங். நாளைக்கு வண்டியை விக்கோணும்னா குட்டையான ஆளு வாங்கலாமில்லீங்."

விற்கப்போவதில்லை என்று காரமாகச் சொன்னேன். கிளட்ச் பெடலைக் காணவில்லை என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். மேசைமேல்தான் வைத்தேன். இந்த வீட்டில் பழைய இரும்புக்குக்கூடப் பாதுகாப்பில்லை.

நவம்பர் 6, செவ்வாய்

தீபாவளி. பக்கத்து வீட்டார் எனக்குத் தெரியாமல் என் இடது காலடியில் சரவெடி வைத்துவிட்டார்கள். வேட்டிக்கரை கருகியது. தெருவில் இருபது பேர் நின்றோம். தெரியாமல் போனது எனக்கு மட்டும்தானாம்.

நவம்பர் 14, புதன்

எஞ்சின் உயிர்பெற்றது. லீவரை D-யில் போட்டதும் வண்டி தானாகவே, பவ்யமாக, ஓர் அங்குலம் நகர்ந்தது. கண்ணில் நீர் வந்தது; புகை.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். ஓவர்டிரைவுக்குத் தனியாக ஒரு பொத்தான் வைக்கச் சொல்லியிருந்தேன். காணோம்.

"பட்டன் வெக்க மறந்துட்டியா?"

அவன் என் இடது கையைப் பிடித்து லீவர்க் குமிழின்மேல் வைத்து, சுண்டுவிரலை நகர்த்தினான். பொத்தான் இருந்தது. தவறான பக்கத்தில். ஓட்டுபவன் இடது கையால் குமிழைப் பிடிக்கும்போது கட்டைவிரல் வலது பக்கம் விழும். பொத்தான் அங்கேதான் இருக்க வேண்டும். இவன் சுண்டுவிரல் பக்கம், அதாவது பக்கத்து இருக்கையைப் பார்த்தாற்போல வைத்திருக்கிறான். லேத்தில் நூலளவு பிசகாதவன் செய்யும் தவறா இது?

"மாத்தி வெய்."

"ஆகட்டுமுங். ஆனா இப்ப நீங்க ஓட்ட வேண்டாமுங். பெட்டி பழகோணும். ஐந்நூறு கிலோமீட்டர் ஒரே கையிலதான் ஓட்டிப் பழக்கோணுமுங். கை மாறுனா அதுக்கு ஆகாது."

இதை எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை. இருந்தாலும் தொழில் தெரிந்தவன் சொல்கிறான் என்று விட்டுவிட்டேன். ஓட்டத்துக்கு இன்னும் முப்பத்தொன்பது நாள்.

நவம்பர் 25, ஞாயிறு

சொல்லாமல் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பணியாளர் அதிகாரியின் முதல் பாடம் அது.

வண்டி கழுவித் துடைத்து நின்றது. இருக்கை மூன்றாவது துளையில் பூட்டியிருந்தது. உட்புறக் கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது. ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணில் நூற்றி நாற்பத்தாறு கிலோமீட்டர் கூடியிருந்தது. லீவருக்குப் பக்கத்தில் வாடிய பூச்சரம்: மல்லி இரண்டு, கனகாம்பரம் ஒன்று என்ற கணக்கில் கட்டியது. வசந்தாமணி தலையில் வைப்பதும் இதே கணக்குதான். ஊருக்கெல்லாம் ஒரே பூக்காரி போலிருக்கிறது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. கார்த்திகை முகூர்த்தங்கள். கறுப்புக் கான்டெஸாவில் மணமக்களை ஊர்வலம் விடுவதென்றால் ஆளாளுக்குப் பிடிவாதம் பிடிப்பார்கள். நான் நம்பி விட்டுவைத்த வண்டியை நாச்சிமுத்து கல்யாணத்துக்கு அனுப்புகிறான். ஓட்டுநர் குட்டையானவர். அந்த மூன்று துளைகளுக்கும் இதுதான் விளக்கம்.

அவனுடைய தாயின் சாவுக்கு நான் போயிருந்தேன். அவன் மகளின் பெயரை நான்தான் வைத்தேன்.

நவம்பர் 27, செவ்வாய்

இன்று பதிவுத்தபாலில் அனுப்பியதன் நகல்:

"குறிப்பாணை. பெறுநர்: திரு. நாச்சிமுத்து. தங்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட காரைத் தாங்கள் (அ) திருமண ஊர்வலங்களுக்கு விட்டதாகவும், (ஆ) அந்நியர் ஒருவரை ஓட்ட அனுமதித்ததாகவும் தெரியவருகிறது. (இ) அதில் கிடந்த பூச்சரம் யாருடையது என்றும் விளக்க வேண்டும். இது கிடைத்த நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்கத் தவறினால், சொல்வதற்கு எதுவுமில்லை என்று கருதி மேல்நடவடிக்கை எடுக்கப்படும்."

ஓய்வுபெற்று எட்டு வருடம் கழித்து எழுதுகிறேன். கை மறக்கவில்லை. வசந்தாமணி படித்துப் பார்த்துவிட்டு, "தபால் ஆபீசுக்கு நான் வேணா போயிட்டு வரட்டுங்களா?" என்றாள். முகம் ஒரு மாதிரியாக இருந்தது. அவளுக்கும் வருத்தம் இருக்கும்தானே.

நவம்பர் 30, வெள்ளி

நாச்சிமுத்து நேரில் வந்து பதில் கொடுத்தான். குறிப்பாணையின் பின்பக்கத்திலேயே எழுதியிருந்தான்: "அ) இல்லீங்க. ஆ) அந்நியர் இல்லீங்க. இ) சொல்ல முடியாதுங்க."

"ஏன் சொல்ல முடியாது?"

"வாக்குக் குடுத்துட்டனுங்."

"யாருக்கு?"

"அதுவும் அந்த வாக்குலயே வருதுங், ஆப்பீசர்."

இருநூற்றுப் பன்னிரண்டு விசாரணை நடத்தியிருக்கிறேன். பொய் சொல்பவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். இவன் தரையைப் பார்த்தான். போகும்போது சமையலறைப் பக்கம் பார்த்து, "வரனுங்க்கா" என்றான்.

டிசம்பர் 7, வெள்ளி

விசாரணை முடிந்தது. எழுதக் கை வரவில்லை.

டிசம்பர் 8, சனி

நேற்று முகூர்த்த நாள். வசந்தாமணி யோகாவுக்குப் புறப்பட்டதும் ஆட்டோ பிடித்து, ஒர்க்‌ஷாப்புக்கு எதிரே உள்ள டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தேன். கல்யாண வீட்டார் வந்து வண்டியை எடுக்கும்போது கையும் களவுமாகப் பிடிப்பது திட்டம்.

ஏழேகாலுக்கு வலது பக்கத்திலிருந்து என் கான்டெஸா வந்தது. முன்னால் சிவப்பில் L எழுத்து. இடது இருக்கையில் நாச்சிமுத்து, ஹேண்ட்பிரேக்கில் கை வைத்தபடி. ஓட்டுநர் இருக்கையில், கூட்டமான பஸ்ஸில் கைப்பையை அணைத்துப் பிடிப்பதுபோல் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வசந்தாமணி.

என்னைப் பார்த்தாள். இண்டிகேட்டர் போட்டாள். ஓரமாக நிறுத்தினாள். சரியாகத்தான் நிறுத்தினாள், அதையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. கண்ணாடியை இறக்கினாள்.

"டீ குடிச்சாச்சுங்களா?"

நாச்சிமுத்து டேஷ்போர்டை முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏறுங்க, போலாம்."

ஏறவில்லை. வந்த ஆட்டோவிலேயே வீட்டுக்கு வந்தேன். அவள் எனக்கு முன்பாக வீடு சேர்ந்திருந்தாள்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"செப்டம்பர்ல இருந்துங்க. மொதல்ல டிரைவிங் ஸ்கூல்ல. கிளட்ச் எனக்கு எட்டவே இல்லை. ஒரே நாள்ல பதினேழு தடவை நின்னு போச்சு. நாச்சிமுத்துகிட்டப் போயி அழுதேன்."

"என் காலுக்குன்னு சொல்லித்தானே கியர்பாக்ஸை மாத்துனீங்க ரெண்டு பேரும்?"

"உங்க காலுக்குந்தானுங்க. என்ற காலுக்குந்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கோணும்னு தோணலையா?"

"தொண்ணூத்தெட்டுல வண்டி ஓட்டக் கத்துக்கட்டுமான்னு கேட்டனுங்க. 'உனக்கெதுக்கு அது'ன்னீங்க. அப்பறம் கேக்கலை."

நான் அப்படிச் சொன்னதற்கான பதிவு எதுவும் என்னிடம் இல்லை.

வண்டி ஓட்ட நான் இருக்கும்போது நீ ஏன் பழக வேண்டும் என்று கேட்டேன். அவள் உட்கார்ந்தாள். மெதுவாகப் பேசினாள். ஆலையில் ஒருவரை வேலையைவிட்டு அனுப்பும்போது நான் அந்தக் குரலில்தான் பேசுவேன்.

"அந்தப் பால்காரர் மொளைக்கலீங்க. பிரிவுல இருந்தே நமக்கு முன்னாடிதான் போயிட்டிருந்தாரு. நான் கத்தினேன். நீங்க என்னையப் பாத்து 'ஏன் கத்தறே'ன்னீங்க. கை ஒடஞ்சு ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தாரு. நான் வாராவாரம் போய்ப் பாத்துட்டு வந்தேன்."

"அவர் சைக்கிள்ல பின்விளக்கு இருந்துதா?"

"காலையில ஒம்பது மணிங்க."

பிறகு கண் மருத்துவரின் கடிதத்தைப் பற்றிச் சொன்னாள். எனக்குக் கடிதம் எதுவும் வரவில்லை என்றேன். மறைத்துவிட்டாய் என்றேன். முப்பத்தாறு வருடத்தில் அவளிடம் சொல்லாத வேறு சில சொற்களும் சொன்னேன்.

"நான் எதையும் மறைக்கலீங்க. அன்னைக்கே உங்க மேசையிலதான் வெச்சேன். டைரிக்கு எடது பக்கம். மூணு மாசமா அங்கியேதான் கெடக்குது."

டிசம்பர் 9, ஞாயிறு

நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.

கடிதம் இருந்தது. பறக்காமல் இருக்க அதன்மேல் கிளட்ச் பெடல். காணாமல்போன மூக்குக்கண்ணாடி, இரண்டு பேனா, மின்கட்டண அட்டை, எல்லாம் அங்கே வரிசையாக இருந்தன. வேறொருவருடைய மேசை மாதிரி இருந்தது.

இரண்டு கண்ணிலும் இடது பாதிப் பார்வை இல்லை; இல்லை என்பது நோயாளிக்குத் தெரியாமலிருக்கக்கூடும்; வாகனம் ஓட்டக்கூடாது. மூன்றே வரி. அந்த முப்பத்திரண்டு வயதுக்காரர் நன்றாக எழுதுகிறார்.

சட்டப்படி ஆவணம் எனக்குச் சேர்ப்பிக்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும். குற்றச்சாட்டு அதுவல்ல. எந்தப் பக்கம் வைத்தால் நான் பார்க்கமாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. மூன்று மாதம் அந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

டிசம்பர் 12, புதன்

பேசவில்லை. அவளும் பேசவில்லை. நாச்சிமுத்து இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தான். எடுக்கவில்லை.

டிசம்பர் 15, சனி

சாப்பிட்டு முடித்ததும் தட்டை நானே திருப்பிப் பார்த்தேன். ஒரு வடை இருந்தது.

டிசம்பர் 19, புதன்

டவுன் பஸ்ஸில் பால்காரர் வீட்டுக்குப் போனேன். பெயர் ரங்கய்யன். கட்டு பிரித்தாயிற்று, கை முழுதாக நீளவில்லை. மன்னிப்புக் கேட்பதற்கு நான் தயாரித்து வைத்திருந்த வாக்கியம் சற்று நீளமானது. பாதியிலேயே அவர் குறுக்கிட்டார்.

"அது கெடக்குதுங்க. அம்மா இப்ப ரிவர்ஸ் எடுக்கறாங்களா? போன வாரம் கேட்டப்ப ரிவர்ஸ்தான் வரமாட்டேங்குதுன்னாங்க."

ஆக, இவருக்கும் தெரியும். நான் இடித்துத் தள்ளியவருக்கே தெரிந்திருக்கிறது. சௌரிபாளையம் தொடங்கிச் சிங்காநல்லூர் வரை இதை அறியாத ஒரே மனிதனாக நான்கு மாதம் நடமாடியிருக்கிறேன்.

ரிவர்ஸ் எடுக்கிறாள் என்று சொன்னேன். தெரியாது. இருந்தாலும் சொன்னேன்.

வீட்டில் அவளுடைய ஓட்டுநர் உரிமம் தபாலில் வந்திருந்தது. மேசையின் வலது பக்கம் வைத்திருந்தாள். புகைப்படத்தில் சிரித்திருக்கிறாள், அரசாங்க ஆவணத்தில்.

டிசம்பர் 22, சனி

சங்கச் செயலாளர் அழைத்தார். வழக்கம்போல முதல் வண்டி நம்முடையதுதானே என்றார். ஆமாம் என்றேன். யார் ஓட்டுகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. இது மரியாதையா, அல்லது அவருக்கும் தெரியுமா என்று தீர்மானிக்க முடியவில்லை.

வண்டி என்னுடையது. வண்டி போகும் இடத்துக்கு உரிமையாளர் போவது முறை. பார்வையாளராகப் போகிறேன். இதை வசந்தாமணியிடமும் சொன்னேன். பதினைந்து நாளில் பேசிய முதல் வாக்கியம்.

"சரிங்க. கட்டுச்சாதம் புளியா, தயிரா?"

டிசம்பர் 23, ஞாயிறு

முப்பத்தேழு வண்டிகள். கொடி அசைந்ததும் முதலில் புறப்பட்டது கான்டெஸா. பின்சீட்டில் நாச்சிமுத்து, மடியில் கட்டுச்சாதத் தூக்கோடு, விசாரணைக்கு அழைத்துவரப்பட்டவன் மாதிரி நுனியில் உட்கார்ந்திருந்தான். அவனோடு நான் பேசவில்லை.

இருபத்திரண்டு வருடத்தில் அந்த இடது இருக்கையில் நான் உட்கார்ந்தது இதுவே முதல்முறை. ஒன்று கவனித்தேன். இங்கிருந்து பார்த்தால் எல்லாமே எனக்கு வலது பக்கம் இருக்கிறது. சாலை, எதிரே வரும் லாரி, ஸ்டியரிங், அவள். ஆகஸ்டுக்குப் பிறகு ஒரு முழுச் சாலையை இன்றுதான் பார்க்கிறேன். குமிழில் இருந்த பொத்தானும் தெரிந்தது. மாற்றி வைக்கச் சொல்லியிருந்தேன், வைக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு அதே பக்கத்தில் இருந்தது.

கிணத்துக்கடவு தாண்டி நான்குவழிச் சாலை. எண்பதில் போனாள். எஞ்சின் மூன்றாவது கியரில் அலறிக்கொண்டிருந்தது. ஒரு கிலோமீட்டர் பொறுத்தேன்.

"ஓவர்டிரைவ் பட்டனை அமுக்கு."

"எனக்கு எட்டாதுங்க. உங்க பக்கம் இருக்குது."

"அது இவன் பண்ணுன தப்பு."

பின்னாலிருந்து குரல் வந்தது. "தப்பில்லீங் ஆப்பீசர். அக்காதான் அந்தப் பக்கம் வெக்கச் சொன்னாங்க."

"எதுக்கு?"

வசந்தாமணி சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "இருபத்திரண்டு வருசம் அந்த சீட்டுல நான் ஒக்காந்திருக்கனுங்க. ஒரு வேலையும் இல்லாம அதுல ஒக்காறது எத்தனை கஷ்டம்னு எனக்குத் தெரியும்."

முன்கூட்டியே தீர்மானித்திருக்கிறார்கள். செப்டம்பரிலேயே, கியர்பாக்ஸ் புதுப்பேட்டையிலிருந்து வருவதற்கு முன்பே, நான் எந்த இருக்கையில் உட்காருவேன், எனக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று என் முதுகுக்குப் பின்னால் பேசி, துளை போட்டு, ஒயர் இழுத்து முடித்திருக்கிறார்கள். எனக்கு ஒதுக்கப்பட்டது ஒரு பொத்தான். முப்பத்தொரு வருடப் பணிக்குப் பிறகு.

கண் மருத்துவமனைக் கிண்ணம் நினைவுக்கு வந்தது. வெளிச்சம் தெரிந்தால் அமுக்க வேண்டும்.

அமுக்கினேன். எஞ்சினின் அலறல் அடங்கி, வண்டி தன் வேகத்திலேயே, பேச்சு கேட்கும் அளவுக்கு அமைதியாக ஓடத் தொடங்கியது.

ஆழியாறு போய்ச் சேர்வதற்குள் அந்தப் பொத்தானைப் பதினொரு முறை அமுக்கினேன். உண்மையில் தேவைப்பட்டது நான்கு முறை. மீதி ஏழு முறையும் அவர்கள் இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இதையும் முன்பே பேசி வைத்திருப்பார்கள்.